தங்கப்பொண்ணு நடந்துவரும் பொட்டல்

தங்கப்பொண்ணு வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஒத்தக்கரடு காலனியின் மேற்குக் கடைசியில் நின்றால் அவள் நடந்துவருவது வெகுகாலம் தெரிந்துகொண்டிருந்தது. கையில் தூக்குவாளி, தலையில் சும்மாட்டுத் துணி, உடம்பில் பச்சைச் சேலை. ஐப்பசி மழையில் மங்கலாகத் தெரிவாள், மாசி வெயிலில் தெளிவாகத் தெரிவாள். அவள் கிளம்பியபோது பிறந்திராத பிள்ளைகளில் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவர்களிடம் மேற்கு எது என்று கேட்டால், தங்கப்பொண்ணு வருகிற பக்கம் என்றுதான் சொல்வார்கள்.

ஒத்தக்கரடு வாடிப்பட்டித் தாலுகாவில் இருக்கிறது. திண்டுக்கல் ரோட்டை விட்டு இறங்கினால் மேற்கே ஊர், கிழக்கே காலனி, நடுவில் பொட்டல். வேலிக்கருவையும் ஓடை மணலும் தவிர அந்தப் பொட்டலில் ஒன்றும் கிடையாது. அங்கே வீடு கட்டக்கூடாது என்று எங்கும் எழுதிவைத்திருக்கவில்லை. யாரும் கட்டவில்லை, அவ்வளவுதான். காலனி ஆண்கள் அதை ஒரு பீடி தூரம் என்பார்கள். காலனி எல்லையில் பற்றவைத்தால் ஊர் எல்லை வரும்போது முடிந்திருக்கும். முடியாவிட்டாலும் அணைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும்.

பொட்டல் விரியத் தொடங்கியது 2003 ஐப்பசியில், ஊர்ப் பெரியதனக்காரன் உக்கிரபாண்டியின் தாய் இறந்த அன்று. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அதை வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போய்ச் சொல்வது காலனிக்காரர்களின் வேலை. கேதம் சொல்வது என்பார்கள். நிலக்கோட்டை, சோழவந்தான், உசிலம்பட்டி என்று போய், சொந்தக்காரர் வாசலுக்கு வெளியே நின்று, இன்னார் தவறிவிட்டார் என்று சொல்லி, நின்ற இடத்திலேயே கையேந்தித் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். காலனியில் ஒருவர் செத்தால் ஊரிலிருந்து யாரும் யாருக்கும் போய்ச் சொன்னதில்லை. அந்த வேலையைத் தங்கப்பொண்ணின் புருஷன் சின்னான் செய்துவந்தான். அவன் அப்பனும் அதையே செய்தான். அன்று காலையில் ஊரிலிருந்து ஆள் வந்தபோது வாசலில் நின்றது சின்னான் அல்ல, அவன் தம்பி பீமாராவ். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கப்பலூரில் ஒரு குழாய் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன் இனிமே கேதம் சொல்ல வராது. எல்லார் வீட்லயும் போன் இருக்குல்ல, பேசிக்கங்க" என்றான் பீமாராவ்.

"போன்ல சொன்னா மரியாதையா இருக்குமாடா?" என்றான் வந்தவன்.

"அம்புட்டு மரியாதையான வேலைன்னா நீங்களே போயிச் செய்ங்களேன்."

சாவடியில் ஊர் கூடியது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கூட்டம் போட்டது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. இனிமேல் அவர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது என்று உக்கிரபாண்டி சொன்னான், எல்லோரும் ஆமாம் என்றார்கள். சொன்னபடியே ஆனது. நடுவில் இருந்த அந்த ஒன்றுமில்லாதது வளர ஆரம்பித்தது. ஊரில் வேலைக்குப் போயிருந்த காலனிப் பெண்களை அப்போதே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எல்லோரும் கிளம்பினார்கள். தங்கப்பொண்ணு உக்கிரபாண்டியின் மாட்டுத் தொழுவத்தில் இருந்தாள். சாவு வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், தொழுவம் நாறக்கூடாது, சாணியை அள்ளிவிட்டுப் போ என்றாள் வீட்டுக்காரி. தங்கப்பொண்ணு அள்ளி முடித்து, கை கழுவிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினாள். முன்னால் வந்த பெண்கள் மதியம் கிளம்பிப் பொழுது சாயக் காலனிக்கு வந்து சேர்ந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, "என்னாடி இது, இன்னைக்குப் பொட்டலு இம்புட்டு தூரமா இருக்கு" என்றார்கள். தங்கப்பொண்ணு அப்போது கூப்பிடு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்தத் தூரம் குறையவே இல்லை.

முதல் வாரத்தில் ஆம்பளைகள் தேடிப் போனார்கள். போனவர்கள் நாள் முழுக்க நடந்து, அவள் அதே அளவில் தெரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பீமாராவ் கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவனின் பைக்கை இரவல் வாங்கி, டேங்கை நிரப்பிக்கொண்டு போனான். பாதி பெட்ரோல் தீர்ந்த இடத்தில் வேலிக்கருவைகூட இல்லை என்று வந்து சொன்னான். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் ஒரு பகல் தூரம் இருந்தது. காக்கை இல்லை, ஏனென்றால் உட்காரக் கிளை இல்லை. உச்சி வெயில் நேரத்தில் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிந்தது. போன வழியிலேயே திரும்பினான், ஆனால் திரும்புவதற்குப் போனதைவிட அதிக நாளாயிற்று. மீதி தூரத்துக்குப் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான். ஊர்ப் பக்கம் சுற்றிப் போய் அங்கிருந்து அவளைக் கூப்பிட்டால் என்ன என்று அதையும் செய்து பார்த்தார்கள். திண்டுக்கல் ரோட்டு வழியாகப் போனால் ஊர் எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது, பஸ் வந்தது, ரேஷன் கடை திறந்திருந்தது. ஊரின் கிழக்கு எல்லையில் நின்று பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது. அதுவும் எட்டாத தூரத்தில் தெரிந்தது. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி விரிந்திருந்தது.

தாசில்தார் வந்தார். ரோட்டில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, அங்கே ஊர், இங்கே காலனி, நடுவில் ஒரு பொட்டல், இதிலென்ன இருக்கிறது என்றார். காலனிக் கடைசிக்கு வந்து பாருங்கள் என்றார்கள். வந்தார், பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ரெக்கார்டில் உள்ள தூரம்தான் தூரம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மனுநீதி நாளில் கொடுத்த மனுவுக்கும் அதே பதில் வந்தது. ரோட்டு மேல் டீக்கடையில் ஒருநாள் உக்கிரபாண்டியும் பீமாராவும் எதிரெதிரே நிற்க வேண்டி வந்தது. "எங்க ஊரு இருந்த எடத்துலதான்டா இருக்கு. நீங்கதான் தூரமாப் போயிட்டீங்க" என்றான் உக்கிரபாண்டி. "நாங்க ஓரடிகூட நகரல. நடுவுல உள்ளதுதான் வளருது" என்றான் பீமாராவ். டீக்கடைக்காரன் இரண்டு பேருக்கும் டீ ஊற்றினான், ஒன்று கண்ணாடி டம்ளரில், ஒன்று பேப்பர் கப்பில்.

சின்னானுக்கு மட்டும் இது தண்டனையாகத் தெரிந்தது. கேதம் சொல்ல மாட்டேன் என்றதால் வந்த வினை, சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று அவன் நினைத்தான். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவனுக்கு வேறு மாதிரி நினைக்கத் தெரியவில்லை. தம்பியிடம் சொல்லாமல் ரோட்டு வழியாகச் சுற்றி ஊருக்குப் போய், அடுத்த சாவுக்கு என்னையே அனுப்புங்கள் என்று சாவடிக்கு வெளியே நின்று கேட்டான். தை மாதம் உக்கிரபாண்டியின் சித்தப்பன் செத்தான். சின்னான் எல்லா ஊருக்கும் போய், எல்லா வாசலுக்கும் வெளியே நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் செருப்பில்லாத காலோடு காலனிக்குத் திரும்பினான். அவன் திரும்பிய அன்று பொட்டல் அதுவரை இல்லாத அளவுக்கு அகன்றிருந்தது. தங்கப்பொண்ணு விரல் அளவிலிருந்து நகத்தளவு ஆகியிருந்தாள். "நீ குனிஞ்ச அம்புட்டும் அதுக்குத் தீனிண்ணே" என்றான் பீமாராவ். அண்ணனும் தம்பியும் அதற்கப்புறம் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. தங்கப்பொண்ணின் சேலை நிறம் மாறியது. பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் காவியாயிற்று, காவி கடைசியில் காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வந்து நின்றது. நடையும் மெதுவானது. ஆடியில் தூக்கிய கால் ஆவணியில் தரையில் இறங்கியது. கிளம்பிய அன்று அவள் மகளைக் கூப்பிட்டிருக்கிறாள், அந்தக் குரல் மறு வருஷம் சித்திரையில் வந்து சேர்ந்தது. "இசை, ஒல வச்சிட்டியாடி?" அது பொம்பளைக் குரலாக இல்லை. லாரி என்ஜின் தூரத்தில் உறுமுவது மாதிரி அடித்தொண்டையில், ஒரு சொல் முடியவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டு வந்தது. ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்தன. மகள் இசைவாணி அந்த வாரம் ப்ளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். வச்சிட்டேம்மா, என்று பதிலுக்குக் கத்தினாள். அது எப்போது போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இசைவாணிக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இரண்டாம் வருஷம் பாடம் நடத்திய புரொபசர் ஒருநாள் விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே உள்ள வெளியைப் பற்றிச் சொன்னார். கேலக்ஸி எதுவும் ஓடவில்லை, அவற்றுக்கு நடுவில் உள்ள இடம்தான் விரிகிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விரியும், ஓர் அலமாரி அளவு இடத்தில் ஓர் அணு இருந்தால் அதுவே அதிகம் என்றார். கடக்க முடியுமா சார் என்று ஒருவன் கேட்டான். "கெளம்புறவன் சேர மாட்டான். அவன் புள்ளையும் சேர மாட்டான். இப்ப இருக்குற ராக்கெட்டுல பக்கத்து கேலக்ஸிக்குப் போறதுக்கே மனுஷன்னு ஒருத்தன் பொறந்ததுல இருந்து ஆன காலம் பத்தாது. ரொம்பத் தள்ளி இருக்குறதுக்கு வெளிச்சமே போய்ச் சேராது" என்றார். இசைவாணி எழுந்து நின்று, "சார், இது எங்க ஊர்ல இருக்கு" என்றாள். எது இருக்கிறது என்று கேட்டார். "நீங்க சொன்னதுதான் சார். ஊருக்கும் காலனிக்கும் நடுவுல." காலனி என்ற சொல்லில் வகுப்பு திரும்பிப் பார்த்தது. "பஸ் வசதி இல்லன்னா கலெக்டருக்கு மனுக் குடும்மா. அண்டத்த இழுக்காத" என்றார் புரொபசர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றே அவள் பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் நடுவில் தரை விரிந்தது. ஸ்கேல் கேட்டால் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. மறுநாள் முதல் பீரியடில் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து நடக்க ஆரம்பித்து, சாப்பாட்டு மணி அடிக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் ஃபர்ஹா, மதுரையின் பழைய தெருக்களில் ஒன்றில் அவளுடைய அத்தா தொப்பிக் கடை வைத்திருந்தார். "ஏன்டி, ஒன் பக்கத்துல வந்து ஒக்கார்றதுக்குள்ள காலு கழண்டுரும் போல" என்றாள். தொடர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "எங்களுக்கு இது புதுசு இல்ல. போன வருசம் ஆரப்பாளையத்துப் பக்கம் வாடகைக்கு வீடு பாக்கப் போனோம். அத்தா பேரச் சொன்னாரு, அந்த வீட்டு வாசலு அப்படியே உள்ள போயிருச்சு. மதியம் லுஹர் தொழுக வரைக்கும் நடந்தோம், படியத் தொட முடியல" என்றாள்.

ஃபர்ஹா ஒருமுறை காலனிக்கு வந்தாள். மேற்குக் கடைசியில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அது ஒங்கம்மாவாடி?"

"ம்."

"ஏன் செவப்பாத் தெரியுறாங்க?"

நடுவில் இடம் விரிய விரிய வெளிச்சமும் நீண்டு சிவந்துபோகும் என்று இசைவாணி பாடம் மாதிரி விளக்கினாள். ஃபர்ஹாவுக்கு அதில் பாதி தெரியும், தெரிந்தாலும் கேட்டுக்கொண்டாள். பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தாள். ஒரு வீட்டில் உப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் கோழிக்குச் சண்டை. "ஒங்க தெரு மட்டும் விரியவே இல்லயே, ஏன்?" என்றாள். இத்தனை வருஷமாகப் பொட்டலையே கணக்குப் போட்ட இசைவாணி தெருவைப் பற்றி யோசித்ததில்லை. புத்தகத்தில் இருந்தது, படித்தும் இருந்தாள்: ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் இடம் விரியாது. விண்மீன் மண்டலத்துக்கு உள்ளே விரியாது, நடுவில்தான் விரியும்.

செய்து பார்த்தார்கள். பொட்டலில் வைத்த கல் மறுநாள் காலையில் எட்டாத தூரத்தில் கிடந்தது. ஆள் இல்லாமல் போட்ட குடிசை ஒரு வாரத்தில் புள்ளியாகிவிட்டது. பீமாராவின் பெண்டாட்டி முத்துமீனா பிள்ளையோடு போய் ஒரு குடிசையில் அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சி, பிள்ளையைத் திட்டிக்கொண்டே ஊட்டினாள். அந்த இடம் ஆணி அடித்த மாதிரி நின்றது. அடுப்பு எரிய வேண்டும், முந்தின வீட்டுக்காரி திட்டினால் காதில் விழுகிற தூரத்தில் இருக்க வேண்டும், இந்த இரண்டும் போதும் என்று 2010 வாக்கில் தெரிந்துபோயிற்று. நடந்து கடக்க முடியாத பொட்டலைக் குடியேறிக் கடக்கலாம். பீமாராவும் முத்துமீனாவும் முதல் வீட்டில் இருந்தார்கள். ஏற்கெனவே காலனியில் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம் நெருக்கிக்கொண்டிருந்ததால், கல்யாணமான ஜோடிகள் ஒவ்வொன்றாக வந்து அடுத்தடுத்த வீட்டில் குடியேறின. யாரும் தியாகம் எதுவும் செய்யவில்லை, இடம் வேண்டியிருந்தது. கடைசி வீடு எப்போதும் இசைவாணியுடையது. அவளுக்கு முன்னால் புது வீடு எழும்பினால் அவள் அங்கே மாறிக்கொள்வாள், பழையதில் வேறு குடும்பம் வரும். எம்.எஸ்.சி. படித்துவிட்டுப் பொட்டலில் அடுப்பு ஊதுகிறாள் என்று பேசினார்கள். அவள் அங்கிருந்தே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். தங்கப்பொண்ணை நோக்கித் தெரு ஒரு விரல் மாதிரி நீண்டது. புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்ட வந்த ஆள் திங்கட்கிழமை முதல் வீட்டில் ஒட்டினான், மாதக் கடைசியில் மூன்றாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தான், அத்தோடு மெடிக்கல் லீவில் போய்விட்டான்.

இந்த வருஷங்களில் விரிவு ஒத்தக்கரட்டோடு நிற்கவில்லை. கப்பலூர் கம்பெனி கேன்டீனில் ஒருவன் பீமாராவிடம் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தான். பதில் சொன்ன பிறகு சாம்பார் வாளி கை எட்டாத தூரத்துக்குப் போயிற்று, அதற்கப்புறம் அவன் வீட்டுச் சோறுதான் கொண்டுபோனான். வாடிப்பட்டிப் பக்கம் பிளாட் போட்டு விற்ற இடங்களில் ஒரு பிளாட்டுக்கும் அடுத்த பிளாட்டுக்கும் நடுவே இருட்டான பட்டை விழுந்தது. மாலை நேரத்தில் அதில் குளிர் அடித்தது. விலை மட்டும் இறங்கவில்லை.

இசைவாணி கண்டுபிடித்த ஒரு கணக்கை அவள் சித்தப்பன் பீமாராவிடம் மட்டும் சொன்னாள். பொட்டலில் ஒரு கோடு இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டவர்கள் எவ்வளவு நடந்தாலும் வர முடியாது.

"அம்மா அந்தக் கோட்டுக்கு இங்கிட்டு இருக்காளா அங்கிட்டு இருக்காளான்னு பாத்துத் தெரியாது சித்தப்பா. நாம பாக்குறது எப்பவோ கெளம்புன வெளிச்சம். தாண்டிப் போயிருந்தாலும் நடந்து வர்ற மாதிரியேதான் தெரிவா."

"எம்புட்டு நாளைக்கு?"

"நாம சாகுற வரைக்கும்."

பீமாராவ் மண்ணைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

சின்னானுக்கு அதற்குள் பார்வை மங்கிவிட்டது. காலனியின் பழைய வீட்டை விட்டு அவன் வரவில்லை, வந்து சேர்கிறவள் அங்கேதான் தேடுவாள் என்றான். தினமும் யாரையாவது பிடித்து, சேலை இப்போது என்ன நிறம் என்று கேட்பான். பெருந்தொற்று வந்து போன மறு வருஷம், ரத்த நிறம் இல்லை, காவி என்று ஒரு பிள்ளை சொன்னது. அடுத்த வருஷம் மஞ்சள் என்றார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாள், தெரு அவளை எட்டிக்கொண்டிருந்தது. 2023 கார்த்திகையில் கடைசி வீட்டிலிருந்து பார்த்தால் தூக்குவாளி ஆடுவது தெரிந்தது.

மார்கழியில் சின்னான் செத்தான். ஊருக்கே கேதம் சொன்னவனின் கேதம் தெருவழியாக வீடு வீடாகப் போயிற்று, ஒவ்வொரு வீட்டுக்காரியும் அடுத்த வீட்டைப் பார்த்துக் கூவினாள். கடைசி வீட்டுக்குப் பீமாராவே வந்தான். இசைவாணி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது.

"வாம்மா. அப்பா கெடக்காரு."

"நான் அடுப்ப அணைச்சா அம்மா போயிருவா சித்தப்பா."

"பெத்த மக வரலன்னா நாலு பேரு என்ன பேசுவான்?"

"பேசட்டும். மத்த வீட்டுக்காரங்கள அடுப்ப எரியவிட்டுட்டு வரச் சொல்லுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு ஆளாச்சும் இருக்கணும்."

"சாவுக்கு வர்றவன்ட்டப் போயி அடுப்ப எரியவிடுன்னு எந்த வாயால சொல்றது?"

தெருவில் ஒரு பிணம் கிடந்தால் எடுக்கிற வரைக்கும் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது. காலனியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். பொட்டலில் எத்தனை வீடு தள்ளிப் போயிருந்தாலும் அது ஒரே தெரு. அடுப்பை எரியவிடுங்கள் என்று பீமாராவ் யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பில் தண்ணீர் தெளித்துக் கதவைச் சாத்திவிட்டு, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் சின்னான் வாசலுக்கு வந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் அந்தக் காலனியில் அதற்குமுன் யார் சாவுக்கும் சேர்ந்ததில்லை. நிறைய பூ, நல்ல கொட்டு. பிணத்தை எடுத்து, புதைத்து, குளித்து, பொழுது இறங்கும்போது வீட்டுக்குத் திரும்பப் போனவர்கள் காலனிக் கடைசியில் நின்றுவிட்டார்கள். முதல் வீடு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. இரண்டாவது வீடு நெல் அளவில் தெரிந்தது. மூன்றாவது வீடு தெரியவில்லை. முத்துமீனா இடுப்பில் செருகியிருந்த சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். வெகு தூரத்தில், ஊர் இருக்க வேண்டிய இடத்துக்கும் இந்தப் பக்கம், ஒரே ஒரு புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

யாரும் தப்புச் செய்யவில்லை. சாவுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தார்கள். அதனால் யாரும் யாரையும் திட்டவும் முடியவில்லை, அதுதான் முத்துமீனாவுக்கு ஆறவில்லை. மறுநாளிலிருந்து மறுபடியும் முதல் வீட்டிலிருந்து கட்டலாம் என்று போனார்கள். ஆனால் பொட்டல் இப்போது பழைய வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக விரிந்தது. காலையில் நட்ட கம்பு மதியம் காணாமல் போனது, அடுப்பு மூட்டக் கல் கூட்டுவதற்குள் ஒரு கல் தனியாகப் போனது. பொங்கலுக்குள் ஊர் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. அதன் டியூப்லைட்டுகள் சிவந்து, மங்கி, ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. ரோட்டு வழியாகப் போனால் அதே ஊர் அதே இடத்தில் இருக்கிறது, கோயிலுக்குப் புதுச் சுற்றுச்சுவர் கட்டியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கச் சுவர் மட்டும் கொஞ்சம் உயரம்.

புகை மட்டும் மறையவில்லை. பங்குனியில் அந்தப் புகைக்குப் பக்கத்தில் இன்னொரு உருவம் வந்து நின்றது. சேலை பச்சையா, சிவப்பா என்று சொல்ல முடியாத நிறத்தில் இருந்தது. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்றார்கள், ஒரே உயரம், ஒரே உடம்பு. இங்கிருந்து பார்த்து யார் தாய், யார் மகள் என்று சொல்ல முடியவில்லை. இசைவாணிக்கு அப்போது முப்பத்தேழு. சாணி அள்ளிவிட்டுக் கிளம்பிய தங்கப்பொண்ணுக்கு இன்னும் அதே சாயங்காலம்தான், அதே முப்பத்தாறுதான்.

பேச்சு அதற்கப்புறம் வந்தது. சித்திரையில் ஒரு குரல் பொட்டல் மேல் உறும ஆரம்பித்தது. ஆடுகள் நின்றன, கைக்குழந்தைகள் அழுதன, தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக் கேட்டார்கள். "ஏக்கா," என்ற சொல் வந்து முடியவே வைகாசி பிறந்துவிட்டது. "சின்னான் வீடு இங்கிட்டுத்தான?" என்பது ஐப்பசி வரைக்கும் வந்தது. பெற்ற மகளை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். தன்னைவிட மூத்தவளாகத் தெரிந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவாள் என்று முத்துமீனா சொன்னாள். பிறகு வெகுநாள் ஒன்றும் வரவில்லை. பீமாராவ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மேற்குக் கடைசியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தான். மகள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று காலனியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான்தாம்மா உன் மகள் என்பாள் என்றார்கள் சிலர். அப்பன் செத்ததை எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்லுவாள், அழுவாள் என்றார்கள் சிலர். அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. இந்த வருஷம் மாசியில் இசைவாணியின் குரல் வந்தது. ஆம்பளைக் குரல் மாதிரி தடித்திருந்தாலும் அவள் குரல்தான், டியூஷன் படித்த பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மொதல்ல சாப்புடு. அப்பறம் சொல்றேன்."

அது முழுதாக வந்து முடிந்தது போன மாதம். அதற்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தம் ஒன்று வந்து முடிந்தது, பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் தொடங்கி இன்னும் ஓயவில்லை, பழகிவிட்டதால் அதில் பிள்ளைகள் தூங்குகின்றன. காலையில் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கட்டிலைத் தாண்டும்போது, தண்ணி லாரி வந்ததா என்று விசாரிக்கிற மாதிரி, அடுத்த பேச்சு வந்துருச்சாண்ணே என்று கேட்கிறார்கள்.

"இல்ல மாப்ள" என்கிறான் பீமாராவ். "இன்னும் சாப்புட்டுக்கிட்டு இருக்காக."